ஊரில் சொல்லிவிட்ட பங்கு

ஏப்பா,

இன்றைக்கு மதியம் பள்ளியில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததுமே நெய் வாசனை மூக்கில் ஏறியது. இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்திருக்கும் கணக்கு டீச்சர் மைசூர்பாகு டப்பாவோடு மேசை மேசையாக வந்துகொண்டிருந்தாள். என்ன விசேஷம், தங்கச்சிக்கு நிச்சயமாகிவிட்டதா என்று கேட்டேன். "இல்ல டீச்சர், எங்க வீட்டுக்காரருக்கு அவுக கம்பெனியில குடுத்த ஷேரு இருக்குல்ல, அது ஸ்பிளிட் ஆயிருச்சு. ஒண்ணு அஞ்சாயிருச்சு!" என்றாள். வகுப்பில் பின்னங்களை நன்றாகத்தான் நடத்துகிறாள். ஐந்தால் பெருக்கியது நினைவிருக்கிறது, விலையை ஐந்தால் வகுத்தது மட்டும் அவளுக்கு மறந்துபோயிருக்கிறது.

டப்பாவுக்குள் கையை விட்டவள் எடுக்காமல் அப்படியே நின்றேன். நெய் வாசனை என்றாலே எனக்கு உன் அல்வாதான். விளக்குத்தூண் பக்கத்தில் சுடச்சுட வாங்கி, தாளெல்லாம் நெய் ஊறியிருக்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லூருக்குத் தூக்கிக்கொண்டு வந்தாயே, அந்த அல்வா. நீ போய் மூன்று வருடம் ஆகப்போகிறது. சந்தை மறுபடியும் ஏறிக்கொண்டிருக்கிறது. கிளினிக்கில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்கள்கூட ஷேர் பேசுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்கு எரிச்சலாக வருகிறது. அந்த எரிச்சலைக் கொட்ட உன்னைத் தவிர வேறு ஆள் கிடைக்கவில்லை.

என் தம்பி துளசிராமின் விசைத்தறிக் கொட்டகையை நினைத்துக்கொள்கிறேன். வாரம் ஆறு நாள் அதற்குள் நின்று பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கும் கேட்காது. ஞாயிறு தறிகள் ஓடாது. அன்று காலையில்தான் நம் நான்கு பேர் கூட்டம். துளசி, அவனோடு பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சில் படித்த நீ, தெருமுனையில் எலக்ட்ரிகல் கடை வைத்திருந்த காஜா பாய், ப்ளஸ் டூவுக்கு வணிகவியல் நடத்துகிற நான். துளசியும் நானும் எங்கள் வீட்டுப் பாஷையில் சண்டை போட ஆரம்பித்தால் நீ குறுக்கே வருவாய். "திட்டுறதா இருந்தா தமிழ்ல திட்டுங்கக்கா. யாரு ஜெயிக்கிறாகன்னு எங்களுக்கும் வெளங்கட்டும்" என்பாய்.

முதல் ஞாயிறு எங்கள் அம்மா டீ கொண்டுவந்து வைத்தபோது, உன் டம்ளரும் மற்ற டம்ளர்களும் ஒன்றுதானா என்று ஓரக்கண்ணால் ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் நீ குடித்தாய். நான் பார்த்தது உனக்குத் தெரியாது. பேரையூர்ப் பக்கத்துக் கிராமத்தில், சொந்தமாக ஒரு செண்டு நிலமில்லாத பண்ணையாள் வீட்டிலிருந்து வந்து கம்ப்யூட்டர் படித்தவன் நீ. அந்தப் பார்வையை எங்கே கற்றாய் என்று யாரும் சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை.

'வேண்டாம் கோஷ்டி' என்று நமக்குப் பெயர் வைத்தது உன் பெண்டாட்டி செல்வி. நம் சந்தேகம் சும்மா வந்ததில்லை. தொண்ணூறுகளின் நடுவில் பெட்டிக்கடையில்கூடப் புதுப் பங்குக்கு விண்ணப்பம் கிடைத்தது. துளசி பணம் கட்டிய கம்பெனியின் விலாசத்தில் போய்ப் பார்த்தால் சைக்கிள் ஸ்டாண்டு இருந்தது. காஜா பாய் தேக்கு மரத்திட்டத்தில் போட்டார். அந்த மரங்களை இன்றுவரை யாரும் பார்க்கவில்லை. நான் இரண்டு வளையலை விட்டேன். நீ மட்டும் எதையும் இழக்கவில்லை, போடுவதற்கு உன்னிடம் அப்போது ஒன்றும் இல்லை. அதனால்தானோ என்னவோ உன் கண் எங்கள் எல்லாரையும்விடத் தெளிவாக இருந்தது.

அந்த எதிர்க்கட்சி ஏற்பாடும் உன் யோசனைதான். யாராவது ஒரு பங்கு வாங்க நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை அதைச் சபையில் வைக்க வேண்டும். ஒருவர் எதிர்க்கட்சியாக நின்று அதை ஈவிரக்கமில்லாமல் தாக்க வேண்டும். பிடித்திருந்தாலும் தாக்க வேண்டும். எதிர்க்கட்சியின் வாய் அடைத்துப் போனால்தான் வாங்கலாம். பெரும்பாலும் நீதான் எதிர்க்கட்சி. உன் வாய் அடைத்ததை நாங்கள் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறோம்.

ஒரு கம்ப்யூட்டர் கம்பெனிப் பங்கை ஸ்பிளிட் பண்ணப்போகிறார்கள், அதற்கு முன்னால் வாங்கிவிட வேண்டும் என்று துளசி குதித்தான் பார், அந்த ஞாயிறு நினைவிருக்கிறதா?

"ஒரு இட்லிய நாலாப் பிச்சுத் தட்டுல வச்சா வயிறு நாலு மடங்கு ரொம்புமா மாப்ள?" என்று கேட்டாய்.

"அப்புடி இல்ல மாப்ள. வெல கம்மியாத் தெரிஞ்சா சின்ன ஆளுகளும் வாங்குவாக. வாங்க வாங்க ஏறும்ல?"

"அப்ப நீ கம்பெனிய நம்பி வாங்கல. உன்ன மாதிரி இன்னும் நாலு பேரு வருவான்னு நம்பி வாங்குற. அவனும் அதையே நம்பி வந்தான்னா, கடைசியா வாரவன் யாருகிட்ட விப்பான்?"

காஜா பாய் தன் வழக்கமான ஒரே கேள்வியைக் கேட்டார். "கம்பெனி வட்டிக்கு வாங்கிருக்கா, இல்லையா? அதச் சொல்லுங்க மொதல்ல." வட்டி கொடுக்கல் வாங்கல் அவருக்கு ஆகாது. அந்த ஒரு கேள்வியாலேயே நாங்கள் பல குழிகளில் விழாமல் தப்பினோம்.

நான் துளசியைப் பார்த்து, "தெனமும் தறியில சேல அறுக்குறவன் நீ. அஞ்சு சேலைக்குப் பதிலா பத்துத் துண்டா அறுத்தா பாவு நூலு நீளமாயிருமா?" என்று கேட்டேன். அவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். வாங்கவில்லை. அந்தப் பங்கு அதன் பிறகு தாறுமாறாக ஏறி, அதே வேகத்தில் இறங்கியது. ஏறியபோது எங்களைத் திட்டினான், இறங்கியபோது டீ வாங்கிக் கொடுத்தான்.

இந்தச் சபைக்கு ஒரு விதிவிலக்கும் இருந்தது. ஒருவர் வாங்குகிற சம்பளத்தைச் சபையில் விசாரிக்கக் கூடாது. அதைப் பிடிவாதமாகச் சேர்த்தவன் நீ. ஏன் என்று துளசி கேட்டபோது நீ சிரிக்கவில்லை. "எங்கய்யாவுக்குக் களத்துல வச்சுத்தான் கூலி அளப்பாக. மரக்காலத் தட்டி அளக்கையில ஊரே நின்னு பாக்கும். கொறச்சு அளந்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது, துண்ட இடுப்புல கட்டிக்கிட்டு நிப்பாரு. என் சம்பளத்த எவனும் அளக்கக் கூடாதுடா" என்றாய். நியாயமான விதி என்றுதான் நானும் நினைத்தேன்.

நீ வேலைக்குச் சேர்ந்த கம்பெனி கே.கே. நகரில் ஒரு கிளினிக்கின் மாடியில் இருந்தது. ஆஸ்பத்திரிகளுக்குப் பில் போடுகிற மென்பொருள் தயாரித்தார்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பிவந்த ஒருவர் ஆரம்பித்தது. முதலாளி என்று கூப்பிடாதீர்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று முதல் நாளே சொன்னாராம். சென்னையில் உனக்குக் கிடைத்திருக்கக்கூடிய சம்பளத்தில் பாதிதான் தந்தார். மீதிக்கு ஈடாக ஸ்டாக் ஆப்ஷன். இன்று ஒரு விலையை எழுதி வைத்துவிடுவார்கள். பின்னால் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்து விலை எவ்வளவு ஏறினாலும், அந்தப் பழைய விலைக்கே நீ பங்கு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் நாலு வருடம் அங்கேயே வேலை பார்க்க வேண்டும், நடுவில் விலகினால் ஒன்றும் கிடையாது.

நீ இதை ஒரு ஞாயிறு சபையில் யோசனையாக வைக்கவில்லை, செய்தியாகச் சொன்னாய். துளசி ஆசையாக நிமிர்ந்து உட்கார்ந்தான். வாழ்நாளில் ஒரு முறையாவது உனக்கு எதிர்க்கட்சியாக நிற்க வேண்டும் என்று அவனுக்கு நெடுநாள் ஏக்கம். நீ கையைக் காட்டி நிறுத்தினாய். "இது சம்பளம் மாப்ள" என்றாய். அவன் மறுபடியும் சாய்ந்து உட்கார்ந்தான். மற்றவர்களின் பங்கையெல்லாம் பிரித்து மேய்ந்தவன், தன் பங்கைச் சம்பளம் என்று பெயர் சொல்லி வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டாய்.

சில மாதங்கள் கழித்து உன் அய்யா மதுரைக்கு வந்தார். மகன் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாராம். பள்ளி பக்கத்திலேயே என்பதால் நானும் உங்களோடு மாடி ஏறினேன். ஏ.சி. அறையில் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு நின்றார். நீ எவ்வளவு சொல்லியும் போட்டுக்கொள்ளவில்லை. அப்போது கம்பெனியை ஆரம்பித்த அந்த ஆள் எழுந்து வந்து, உன் அய்யாவின் கையைப் பிடித்துக் குலுக்கி, "உங்க மகன் இங்க வேலைக்காரர் இல்லய்யா, பங்குதாரர்" என்றார். உன் அய்யாவின் முகத்தை நான் பார்த்தேன். கைகுலுக்கலுக்குப் பழக்கப்படாத அவர் கை, விடத் தெரியாமல் பிடித்துக்கொண்டே இருந்தது.

அடுத்த முறை வரும்போது ஒரு மூட்டை குதிரைவாலி கொண்டு வந்தார். யாரிடமோ வாங்கி, புடைத்து, கல் பொறுக்கி, சாக்கின் வாயைத் தன் கையால் முடிந்து பஸ்ஸில் ஏற்றிவந்தது. "கூட்டாளி வீட்டுக்கு வெறுங்கையோட போகலாமா தாயி?" என்று என்னிடம் கேட்டார். மூட்டையை வாங்கி, "தேங்க்ஸ்ய்யா, வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்" என்று சொல்லி ஆபீஸ் பையனை விட்டு மாடிப்படிக்குக் கீழே வைக்கச் சொன்னார் அந்த மனிதர்.

அந்த வருடக் கடைசியில்தான் அல்வா வந்தது. கம்பெனி சந்தைக்கு வரப்போகிறது, அதற்கு முன்னால் பங்குகளைப் பத்துப் பத்தாகப் பிரித்திருக்கிறார்கள், உன்னுடையது பத்து மடங்காகிவிட்டது. நீ தாளைப் பிரித்து எங்கள் மூன்று பேர் கையிலும் வைத்தாய். இட்லிக் கதை சொன்ன அதே வாய் காது வரை சிரித்தது. துளசி என்னைப் பார்த்தான். காஜா பாய் அல்வாவைப் பார்த்தார். கையில் சுட்டது. விதி இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

என்னால் அடக்க முடியவில்லை. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "ஏப்பா, அந்தக் காயிதத்த வித்து இன்னிக்கி அரைக்கிலோ கத்திரிக்கா வாங்க முடியுமா?" என்றேன்.

"அக்கா, ரூலு" என்றாய்.

"ரூலத் தூக்கி வைகையில போடு. பத்தாப் பிச்சா பத்து இட்லியா? நீதான சொன்ன?"

நீ கோபப்பட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நீ கோபப்படவில்லை. உன் முகம் சுருங்கிப்போய்விட்டது. "எல்லாத்தயும் அளக்கணுமாக்கா?" என்று கேட்டுவிட்டு, டீயைக் குடிக்காமல் எழுந்து போனாய். அதன் பிறகு பல ஞாயிறுகள் நீ செல்லூர்ப் பக்கமே வரவில்லை. கேட்டது தப்பு என்று அன்றும் நான் நினைக்கவில்லை, இன்றும் நினைக்கவில்லை.

நாலு வருடத்தில் மூன்று முடிந்திருந்தபோது உனக்கு அரசு வேலை உத்தரவு வந்தது. பாலிடெக்னிக் முடித்த கையோடு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவைத்து நீயே மறந்துபோன பதிவு. அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் வேலை. ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும். உன் வயதுக்கு இனி இன்னொன்று வராது. செல்வி நர்சாக வேலை பார்த்த கிளினிக்கிலிருந்து யூனிபாரத்தோடேயே என் வீட்டுக்கு ஓடிவந்தாள். "போக மாட்டேங்கிறாகக்கா. இன்னும் ஒரு வருசம், ஒரு வருசம்னே சொல்றாக. கம்பெனியில ரெண்டு மாசமா பாதிச் சம்பளந்தான் வருது. சந்தைக்கு வாரம்னாக, அதயும் தள்ளிவச்சுட்டாக. யாரு சொன்னாலும் காது குடுக்க மாட்டேங்கிறாக" என்று அழுதாள்.

அடுத்த ஞாயிறு அவளே உன்னைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்கு வந்தாள். அவள் நம் சபைக்கு அதற்கு முன் வந்ததே இல்லை. தறி ஓரம் நின்றபடி, ஒரு தீர்மானம் போலச் சொன்னாள். "நான் ஒண்ணு வைக்கிறேன். எங்க வீட்டுக்காரரு கவர்மெண்டு வேலைய விட்டுப்புட்டு கம்பெனியிலயே இருக்கலாம்ங்கிறேன். எதிர்க்கட்சி யாரு?"

துளசி எழுந்தான். செல்வி அவனைப் பார்க்கக்கூட இல்லை. "நீங்க வேணாம்ண்ணே. இங்க நல்லாப் பேசுறவுக யாரோ அவுகளே பேசட்டும்" என்று உன்னைக் காட்டினாள்.

நீ மாட்டேன் என்று சொல்வாய் என்றுதான் நினைத்தேன். சம்பள விதியைக்கூட நீ எடுக்கவில்லை. எழுந்து நின்று பேசினாய். அந்தப் பேச்சை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

"ஆப்ஷன்னா பங்கு இல்ல. பின்னால பங்கு தாரேன்னு ஒரு வாக்கு. குடுத்தவரு ஏரோப்பிளேன் ஏறிட்டா வாக்கும் கூடவே ஏறிரும். கம்பெனி சந்தைக்கே வரல. கூடாத சந்தையில நம்ம மாட்டுக்கு நாமளே வெல சொல்லிக்கிட்டுத் திரியிறோம். எனக்குப் பத்து மடங்குன்னு அல்வா குடுத்தேன். அவருக்கும் பத்து மடங்கு ஆயிருக்கும்ல? அப்ப என் பங்கு எம்புட்டு இருந்துச்சோ அம்புட்டேதான் இருக்கு. கம்பெனி மொத்தமும் எத்தன பங்குன்னு நான் இன்னிக்கி வரைக்கும் கேட்டதில்ல. நாங்க செஞ்சத வாங்குன ஆஸ்பத்திரி மூணு. அதுல ஒண்ணு அவரு மச்சானுது. அப்பறம் அந்த நாலு வருசம். சோறு நல்லாப் போடுற வீட்டுல கதவ எதுக்கு வெளிப்பக்கமாப் பூட்டணும்? எங்கய்யாவுக்கு முன்பணம் குடுத்துப் பண்ணையில கட்டிப்போட்டாக. எனக்குப் பின்பணம். அவ்வளவுதான் வித்தியாசம்."

காஜா பாய் பக்கம் திரும்பி, "கம்பெனி வட்டிக்கும் வாங்கிருக்கு பாய்" என்றாய்.

ஒரு ஓட்டை விடவில்லை நீ. எங்களில் எவரும் அதில் பாதிகூடப் பேசியிருக்க மாட்டோம். துளசி உன் தோளில் தட்டினான். "முடிஞ்சது மாப்ள. நாளைக்கே போயி வேலையில சேரு" என்றான். செல்வி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு முதல் முறையாகச் சிரித்தாள்.

நீ உட்கார்ந்தாய். "இம்புட்டும் தெரியும்டா. முன்னாடியே தெரியும். ஆனா எங்கய்யா ஊர்ல சொல்லிட்டாரு" என்றாய்.

உன் அய்யா யாரிடம் சொன்னார் என்பது அப்போதுதான் தெரிந்தது. காலமெல்லாம் எந்தப் பண்ணையில் கூலிக்கு நின்றாரோ அந்தப் பண்ணைக்காரரிடம், பத்துப் பேர் இருக்கும்போது, "எம் மகனுக்குக் கம்பெனியில பங்கு இருக்கு" என்று சொல்லியிருக்கிறார். அவர், "பங்கா? பாப்பம், பாப்பம்" என்று சிரித்திருக்கிறார்.

"கவர்மெண்டு வேலைன்னா ஊர்ல மேளமே வைப்பாக மாப்ள" என்றான் துளசி.

"வைப்பாக. மேளம் நின்ன பெறகு அந்த ஆளு கேப்பாருல்ல, பங்கு என்னாச்சுன்னு? எங்கய்யா அந்தக் களத்துல தல குனிஞ்சு நின்னது போதும். ஒரு வருசந்தான். பங்கக் கையில வாங்கி அவருட்டக் காட்டிட்டு வெளிய வந்துர்றேன்."

மறுநாள் காலையில் நீ கே.கே. நகர் மாடிப்படி ஏறியதை நான் பள்ளி வாசலிலிருந்து பார்த்தேன். ஒரு மாதம் முடிந்தது. அந்த உத்தரவு காலாவதியானது. உன்மேல் எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. முட்டாளாக இருந்து ஏமாந்திருந்தால் பாவம் என்று விட்டிருப்பேன். எல்லாம் தெரிந்த ஒருவன் கண்ணைத் திறந்துகொண்டு கிணற்றில் இறங்கினால் அவனை என்ன செய்வது?

மற்றது நாம் எதிர்பார்த்தபடிதான் நடந்தது. கம்ப்யூட்டர் பங்குகள் ஊர் உலகமெல்லாம் விழுந்தன. சந்தைக்கு வருவது பற்றிய பேச்சே நின்றது. பாதிச் சம்பளம் கால் சம்பளமாகி, பிறகு அதுவும் இல்லை. பணம் போடுகிற ஆளைக் கூட்டிவருகிறேன் என்று விமானம் ஏறிய அந்த மனிதர் திரும்பவில்லை. உன் நாலாவது வருடம் முடிய இன்னும் சில வாரங்கள் இருந்தன. கட்டடக்காரர் பூட்டைப் போடப்போகிறேன், அவரவர் சாமான்களை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

நீ எடுத்துவந்தது ஒரு மூட்டையை மட்டும்தான். ஞாயிறு காலை சைக்கிள் ரிக்ஷாவில் கொட்டகை வாசலில் வந்து இறக்கினாய். மாடிப்படிக்குக் கீழே வைத்த இடத்தில் அப்படியே இருந்ததாம். சாக்கின் வாயில் உன் அய்யா போட்ட முடிச்சு அவிழ்க்கப்படவே இல்லை. நீ அவிழ்த்தாய். கருப்பு வண்டுகள் கும்பலாக ஏறி வந்து சாக்கு ஓரத்திலும் உன் கையிலும் ஊர்ந்தன. உதறக்கூட இல்லை நீ. எங்கள் அம்மா சொளகைக் கொண்டுவந்து உட்கார்ந்து புடைத்துப் பார்த்தாள். மாவாக உதிர்ந்தது. "அய்யாட்டச் சொல்லிராதீக" என்று மட்டும் சொன்னாய்.

அதன் பிறகு நீ வாழ்ந்ததை வாழ்க்கை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டவுனில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் வேலை. உன்னைவிடப் பத்து வயது இளையவன் உனக்கு முதலாளி. சபைக்கு வருவாய், எதிர்க்கட்சிக்கு நிற்க மாட்டாய். தலைமுடி கொட்டியது, சர்க்கரை வந்தது, மாத்திரையைச் செல்வி வாயில் போட்டால்தான் உண்டு. மாதம் ஒரு முறை மட்டும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு பேரையூர் பஸ் ஏறுவாய். கடைச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கவரில் போட்டு, "கம்பெனி லாபம்ய்யா" என்று உன் அய்யா கையில் கொடுத்துவிட்டு வருவாய். ஒரு முறை கொடுக்காமல் விட்டுப்பார் என்று நான் சொன்னதற்கு, "பங்குன்னா லாபம் வரணும்ல அக்கா" என்றாய். வேடிக்கையாகச் சொன்னதுபோல் இல்லை.

அப்படி ஒரு நாள் கொடுத்துவிட்டுத் திரும்பும்போதுதான், டி. கல்லுப்பட்டி தாண்டி, பஸ் ஜன்னலில் தலை சாய்த்தவன் திருமங்கலத்தில் கண்டக்டர் எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

உன்னை ஊருக்குத்தான் கொண்டுபோனோம். ஊர் எல்லையிலிருந்தே சுவரெல்லாம் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. உங்கள் தெருப் பையன்கள் காசு சேர்த்து அடித்தது. உன் கல்யாணப் படத்திலிருந்து முகத்தை மட்டும் வெட்டி எடுத்திருந்தார்கள். உன் அய்யா என் கையைப் பிடித்து ஒரு சுவரொட்டிக்கு முன்னால் கூட்டிக்கொண்டு போனார். "எனக்கு வாசிக்கத் தெரியாது தாயி. சொன்னபடி எழுதிருக்கானுகளான்னு பாரு" என்றார்.

உன் பெயருக்குக் கீழே, கொட்டை எழுத்தில், 'கம்பெனி பங்குதாரர்' என்று இருந்தது. நான் உரக்க வாசித்தேன். கொஞ்சம் தள்ளி, வேப்பமரத்தடியில் போட்ட நாற்காலியில் அந்தப் பண்ணைக்காரர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் கேட்டிருக்கும். துளசி எனக்குப் பின்னால் நின்றான், காஜா பாய் நின்றார். எதற்கெடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லியே பழகிய நான், "சரியா எழுதிருக்காகய்யா" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

உன் அய்யா இன்னும் இருக்கிறார். லாபமும் இன்னும் போகிறது. செல்வி தன் நர்சு சம்பளத்தில் எடுத்து மாதாமாதம் அதே பஸ்ஸில் போய்க் கொடுத்துவிட்டு வருகிறாள். இது என்ன கூத்து, எப்போது நிறுத்துவாய் என்று அவளிடம் கேட்டேன். "சொல்லிட்டோம்லக்கா" என்றாள்.

துளசிக்கு இப்போது பேரன் பிறந்துவிட்டான். கொட்டகையில் சபை எப்போதாவதுதான் கூடுகிறது. கூடினால் சம்பள விதிவிலக்கு கிடையாது. காஜா பாயின் வட்டிக் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியை நான் சேர்த்திருக்கிறேன். விலை என்ன, லாபம் என்ன என்பதெல்லாம் பிறகு. வாங்குகிறவன் இதை யாரிடமாவது ஏற்கெனவே சொல்லிவிட்டானா என்பதுதான் முதலில். சொல்லிவிட்டான் என்றால் அவனோடு வாதாடி ஒரு பிரயோசனமும் இல்லை. உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த ஒரு கேள்விதான். பார்க்கிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.

இன்றைக்கும் கேட்டேன். டப்பாவில் கையை வைத்தபடியே அந்தக் கணக்கு டீச்சரிடம், "ஏம்மா, இந்த ஷேரு விசயத்த ஊர்ல யாருகிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?" என்றேன்.

அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "எங்க மாமனாரு ஊரு பூராம் சொல்லிட்டாரு டீச்சர்!" என்று சிரித்துக்கொண்டே டப்பாவை இன்னும் கிட்டே நீட்டினாள்.

ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன்.